ஒன்பதாவது படம்

1

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இந்த வருடமும் கடிதம் வந்திருக்கிறது. 'பம்பாயில் முன்னேறிய கதையை எழுதுங்கள், நம் ஊர் இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும்' என்று செயலாளர் எழுதியிருக்கிறார். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு மளிகைக் கடை. செம்பூரில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. இருபத்தெட்டு வருடத்தில் என் முன்னேற்றம் இவ்வளவுதான். இதை ஒரு தபால் கார்டில் எழுதிவிட்டு, மீதி இடத்தில் எல்லோரையும் நலம் விசாரித்தும் விடலாம்.

அதே தபாலில் இன்னொரு உறையும் வந்தது. இங்கே உள்ள மலையேறும் கிளப் ஒன்று அனுப்பியது. வரும் மே மாதம் இமயமலைக்குப் போகிறார்களாம், அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நடை. காமிரா வைத்திருப்பவர்கள் தவறாமல் கொண்டுவர வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தது. உறையின் மேல் என் மகன் செல்வராஜின் பெயர்.

செல்வராஜ் இறந்து இந்தத் தை மாதத்தோடு மூன்று வருடம் முடிகிறது. கிளப்பின் பட்டியலில் அவன் பெயரை இன்னும் யாரும் அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி நானும் எழுதவில்லை. வருடத்துக்கு ஒரு தபாலாவது அவன் பெயருக்கு வரட்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஊர் இளைஞர்கள் மன்னிக்க வேண்டும். முன்னேற்றத்தைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள். நான் அந்தப் பயிற்சி நடையைப் பற்றி எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை நானும் போயிருக்கிறேன்.

2

நம் ஊரில் பல் விளக்க வாசலுக்கு வந்தால் மலை கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஆனால் நான் ஏறியதில்லை. விறகு வெட்டப் போகிறவர்களும் மாடு தொலைத்தவர்களும்தான் ஏறினார்கள். பதினேழு வயதில் பம்பாய்க்கு ரயில் ஏறியபோது அந்த மலையை நான் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைக்குமா என்பதுதான் அன்றைய கவலை.

செல்வராஜ் தாராவியில் பிறந்தவன். எங்களோடு தமிழ், தெருவில் இந்தி, நண்பர்களோடு மராத்தி. தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக்கு எழுத்து முட்டுவான். அவன் அத்தைக்குக் கடிதம் எழுதினால் தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவான். அத்தை அதை வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுவாள். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்த நேரத்தில் அவன் எங்களை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம்.

குர்லாவில் ஒரு பட்டறையில் அவனுக்குப் படம் வரையும் வேலை கிடைத்தது. இயந்திரங்களின் படம். முதல் ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து, யாரோ விற்ற பழைய ஜப்பான் காமிரா ஒன்றை வாங்கினான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைதான். பெரிய மலைக்குப் போகுமுன் பழக வேண்டும் என்று பையில் செங்கல்லை நிரப்பிச் சுமந்துகொண்டு ஏறுவார்களாம். இதைக் கேட்டு நான் கடையில் வாடிக்கையாளர்களிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் கடைக்கு வந்து கேட்டான்.

"அப்பா, பத்து கிலோ அரிசி ஒரு பையில கட்டிக் குடுங்க. சுமந்துட்டு அப்படியே திருப்பிக் கொண்டாந்துருதேன். செங்கல்லு முதுகுல குத்துது."

"யாவாரச் சரக்க மலைக்குக் கொண்டு போயி காத்து வாங்க வைக்கணுமாக்கும்? போலே. நோவாம நோம்பு கும்பிடப் பாக்கான்."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எதற்கும் அவன் சிரித்துவிட்டுப் போகிறவன்தான்.

3

அந்தத் தை மாதம் ஒருநாள் சாயங்காலம் குர்லாவில் வேலை முடித்து என் கடைக்கு வந்துகொண்டிருந்தான். சயான் வரைக்கும், ஒரே ஒரு ஸ்டேஷன். வண்டியில் கூட்டம். வாசலில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கம்பம். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகு காகிதங்கள். ஊரில் சாவு விழுந்தால் ஊரே வந்து நிற்கும், அழுகிறதைத் தவிர வீட்டுக்காரனுக்கு வேறு வேலை இருக்காது. இங்கே அழுவதற்கு முன்னால் நாலு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இறப்புச் சான்றிதழில் அவன் பெயரை 'சில்வராஜ்' என்று எழுதியிருந்தார்கள். திருத்தக் கேட்டேன். அவன் பள்ளிச் சான்றிதழ், என் ரேஷன் கார்டு, வக்கீல் கையெழுத்துப் போட்ட ஒரு பத்திரம், இத்தனையும் கொண்டுவரச் சொன்னார்கள். நாலாவது நடைக்கு அந்தக் குமாஸ்தா என்னைப் பார்த்ததுமே, "மதராஸி சேட், உங்க பேரெல்லாம் ஏன் இவ்வளவு நீளம்?" என்று இந்தியில் அலுத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயதில் முடிந்துபோனவனின் பெயரில் என்ன நீளம் கண்டானோ தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் ஒரு படத்தால் வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி மாலை போட அவனுடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மூன்று வயதில் ஸ்டூடியோவில் எடுத்தது இருக்கிறது. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ இருக்கிறது, அதில் அவன் முகம் மிளகளவு. பெரிய பையனாக, மீசையோடு இருந்தது ரயில் பாஸ் அட்டையில் ஒட்டியிருந்த சின்னப் படம் மட்டும்தான். அதை ரயில்வே போலீஸ் தங்கள் காகிதங்களோடு சேர்த்துக்கொண்டது. மூன்று தடவை நடந்து வாங்கினேன். கண்ணிலிருந்து வாய் வரைக்கும் ரப்பர் முத்திரை குத்தியிருந்தது.

ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கினார். முத்திரையும் கூடவே பெரிதாகிவிட்டது. கவலைப்படாதீர்கள் என்று சொல்லி முத்திரையைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் பிரஷ்ஷால் ஒரு கன்னத்தை வரைந்து கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி பாக்கியம் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு பெத்த புள்ள?" என்றாள். "எம்புள்ள இல்ல. கொண்டு போயிக் குடுத்துருங்க."

4

காமிரா அவனுடைய பையில் அப்படியே இருந்தது. விபத்தன்று அதை அவன் எடுத்துப் போகவில்லை. மேலே உள்ள சின்ன வட்டக் கண்ணாடியில் இருபத்தொன்று என்று எண் தெரிந்தது. முப்பத்தாறு படம் எடுக்கும் சுருளில் இருபத்தொன்று எடுத்திருக்கிறான், பதினைந்து பாக்கி.

காமிரா உறைக்குள் சின்ன நோட்டு ஒன்று இருந்தது. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு, எங்கே, எவ்வளவு வெளிச்சம் என்று எழுதிவைக்கும் பழக்கம் அவனுக்கு. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மலை, மலை, மேகம், விலாஸ் என்று ஒரு பெயர், மலை. ஒன்பதுக்கு நேரே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'தீபாவளி. வீடு. மூணு பேர். டைமர்.'

பாக்கியம் சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"மூணு பேருன்னா எழுதியிருக்கான்?"

"ஆமா."

"நாந்தான் நவுந்துட்டனே."

இதைப் படிக்கிற உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பேராக நின்று படம் எடுக்கக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். எடுத்தால் மூவரில் ஒருவருக்கு ஆகாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். பாக்கியத்துக்கு அது நம்பிக்கைகூட இல்லை, கண்ணால் கண்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த படக்காரரிடம் அவளும் அவளுடைய இரண்டு அக்காமாரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நின்ற அக்காள் அடுத்த கொடைக்கு இல்லை. அன்றிலிருந்து மூன்றாவது ஆளாக அவள் எந்தப் படத்திலும் நின்றதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஆகவே எங்கள் வீட்டுப் படம் என்று ஒன்று கிடையாது.

அந்தத் தீபாவளியன்று செல்வராஜ் அதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தான். வாசலில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் அரிசி டின்னைக் கவிழ்த்து, டின்மேல் காமிராவை வைத்தான். பொத்தானை அமுக்கினால் பத்து எண்ணுவதற்குள் தானாகவே படம் எடுத்துக்கொள்ளுமாம். என்னைக் கதவுக்கு இந்தப் பக்கமும் அம்மாவை அந்தப் பக்கமும் நிறுத்திவிட்டு, "அப்பா, காமிராவையே பாருங்க, ஆடாதிய" என்று சொல்லி அமுக்கிவிட்டு ஓடிவந்து நடுவில் நின்றான். பாக்கியம் நைசாக நகர்ந்துவிட்டாள்.

"நான் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் நின்னிய," என்றாள். "அப்ப காமிரா சத்தம் கேட்டுது. அதுக்குப் பொறவுதான் அவன் என்னைப் புடிக்க வந்தான். அப்ப அதுல அவன் இருக்கான். இல்லியா?"

இருப்பான் என்றேன். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. "இன்னொண்ணு எடுக்கட்டாப்பா?" என்று கேட்டான். "ஒண்ணு போதும்லே, பிலிம் என்ன சும்மாவா வருது? கடைக்கு நேரமாச்சு" என்று நான்தான் செருப்பை மாட்டினேன்.

சுருளை அப்படியே கழற்றி ஸ்டூடியோவில் கொடுத்திருக்கலாம். பாக்கியம் விடவில்லை. செல்வராஜ் ஒருநாளும் பாதிச் சுருளைக் கழுவக் கொடுத்ததில்லை, ஒரு சுருள் பல மாதம் ஓடும். ஆனால் அவள் சொன்ன காரணம் அது இல்லை.

"அவன் தொடங்குனது. அவன் எடுப்பான்ல, அந்த மலையவே மிச்சத்துலயும் எடுத்து முடிங்க. பாதியில அறுக்க வேண்டாம். ஏற்கெனவே ஒண்ணு பாதியில அறுந்தது போதும்."

5

மாசி மாதம் விலாஸ் வந்தான். செல்வராஜின் கூட்டாளி, கிளப்பில் அவன்தான் தலைவன் மாதிரி. மே மாதம் போகவிருந்த பெரிய பயணத்தில் செல்வாதான் படம் எடுப்பதாக இருந்தது, அந்தக் காமிராவைக் கொடுத்தால் அதுவாவது எங்களோடு மலைக்கு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். குளிரில் காமிரா சண்டித்தனம் செய்யும், அதனால் முதலில் இங்கே ஒரு மலையில் சோதிக்க வேண்டுமாம்.

"கொடுக்கிறேன். உள்ளே இருக்கிற சுருளை அங்கேயே முடித்து என் கையில் தர வேண்டும். நானும் வருவேன்," என்றேன் என் கடை இந்தியில்.

அவன் என் வயிற்றைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "நீங்கள் ஏறுவீர்கள் அங்கிள். நீங்கள் மலைக்காரர்தானே" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. செல்வராஜ் அவர்களிடம் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறான். எங்க அப்பா மலையடிவாரத்தில் பிறந்தவர், சின்ன வயதில் மூட்டையோடு மலை ஏறி இறங்குவார், அந்தக் கால்தான் எனக்கும் என்று. நான் அவனிடம் ஊரைப் பற்றிப் பேசியதே குறைவு. இதை எங்கிருந்து பிடித்தானோ. பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு விடியலில் குர்லாவிலிருந்து கர்ஜத் வண்டி. ஆறு பையன்கள், நான் ஒருவன். வேட்டியை விட்டுப் பேண்டுக்கு மாறியிருந்தேன், காலில் செல்வராஜின் கேன்வாஸ் ஷூ. ஒரு விரல் அளவு பெரிது, முன்னால் பஞ்சு அடைத்துக் கட்டியிருந்தேன். பையன்கள் பைக்குள் செங்கல்லைக் காகிதத்தில் சுற்றி அடுக்கியிருந்தார்கள். என் பையைத் தூக்கிப் பார்த்த ஒருவன், "அங்கிள், இதில் என்ன?" என்றான்.

"அரிசி. பத்து கிலோ."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

மலை ஒன்றும் பெரியது இல்லை, மேலே இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் எனக்கு மூச்சு நெஞ்சுக்குழியில் வந்து நின்றது. கடையில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. மலைக்காரன் என்ற பெயரைக் காப்பாற்றப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பையன்கள் முன்னால் போய்விட்டார்கள், விலாஸ் மட்டும் எனக்குப் பின்னால் வந்தான்.

"நீ முன்னால் போப்பா, நான் மெதுவாக வருகிறேன்."

"இல்லை அங்கிள். கடைசியில் வருகிறவர்களோடு செல்வாதான் வருவான். யாரையும் தனியாக விட மாட்டான். இப்போது அந்த வேலை எனக்கு."

நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன், மூச்சு வாங்குவதுபோல. வீட்டில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்காதவன், சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போகிறவன், அவன் இங்கே இப்படி இருந்திருக்கிறான். மற்றவர்கள் அறிந்த என் பிள்ளையை நான் அறியவில்லை. அவன் செத்த அன்றைவிட அந்தப் பாறையில்தான் எனக்கு அதிகம் வலித்தது என்று சொன்னால் யாராவது நம்புவீர்களா தெரியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் சோதனையைத் தொடங்கினார்கள். ஒரே பாறையை வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்தான் விலாஸ். உள்ளே ஒரு ஊசி ஆடுகிறது, அது நடுவில் நின்றால் படம் சரியாக விழும் என்று எனக்கும் காட்டினான். கையுறை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்க வருகிறதா என்று பார்த்தான். ஒவ்வொன்றையும் செல்வராஜின் நோட்டிலேயே இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று வரிசையாக எழுதினான். இரண்டு கையெழுத்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

சாப்பிடும்போது நான் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"இந்த மலைகளில் எடுத்த படம் எதிலாவது செல்வா இருப்பானா? நீங்கள் யாராவது அவனை எடுத்திருப்பீர்களே?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காமிரா அவன் ஒருவனிடம்தான் இருந்தது அங்கிள்," என்றான் விலாஸ். "கேட்போம். கொடு, உன்னை ஒன்று எடுக்கிறோம் என்று. சுருள் வீணாகும், நீங்கள் நில்லுங்கள் என்பான்."

சுருள் வீணாகும். அது யாருடைய வாய் வார்த்தை என்று எனக்குத் தெரியும். சோற்றை மூடி வைத்துவிட்டேன். இனி எங்களுக்கு இருந்தது ஒன்பதாவது படம் மட்டும்தான்.

முப்பத்தாறாவதை நான் எடுத்தேன். என்ன எடுப்பது என்று தெரியாமல் எதிரே இருந்த மலையை எடுத்தேன். அதற்குப் பிறகு சுருளை நகர்த்தும் நெம்புகோல் அசையவில்லை. விலாஸ் சுருளைப் பின்னுக்குச் சுற்றி வெளியே எடுத்து, கைக்குட்டையில் முடிந்து என் கையில் கொடுத்தான். இறங்கும்போது முழுவதும் அதைச் சட்டைப் பையில் கையால் பொத்திக்கொண்டே வந்தேன். இரண்டு தடவை சறுக்கினேன். இரண்டு தடவையும் ஒரு கைதான் ஊன்றியது, முழங்கை சிராய்த்துவிட்டது.

6

மாட்டுங்காவில் நல்ல ஸ்டூடியோ ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். கன்னம் வரைந்தவரிடம் போகவில்லை. நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த நாலு நாளும் பாக்கியம் சுவரில் ஆணி அடிக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுவதற்கு முன்னால் சுண்ணாம்பு அடித்துவிடலாமா என்று கேட்டாள். அவள் குரலில் அவ்வளவு தெம்பை நான் தை மாதத்துக்குப் பிறகு கேட்டதில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

உறையை வாங்கி, பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றாகக் கீழே வைத்தேன். மலை, மலை, மேகம். விலாஸ் வாழைப்பழம் தின்கிறான். எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன, ஒன்றுகூட ஆடவில்லை. அவன் நல்ல படக்காரன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்பதாவது படம்.

எங்கள் வீட்டுக் கதவு. கதவுக்கு வலது பக்கம் நான், புதுச் சட்டையில், ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டு நிற்கிறேன். என் பார்வை நேரே காமிராவில். எனக்குப் பக்கத்தில் செல்வராஜின் முதுகு. திரும்பியிருக்கிறான். அவன் கை இடது ஓரம் வரைக்கும் நீண்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு சேலை முந்தானை, அதன் நுனி அவன் பிடியில். முந்தானைக்குரியவள் படத்தில் இல்லை. அவன் முகமும் இல்லை. காதும், எண்ணெய் வைத்துச் சீவிய பின்தலையும் தெரிகின்றன.

சத்தம் கேட்ட பிறகு அவன் திரும்பவில்லை. திரும்பிய பிறகுதான் சத்தம் கேட்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறோம்.

"நான் நவுராம நின்னுருந்தா?" என்றாள் பாக்கியம்.

நான் மற்றப் படங்களை உறைக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

"சொல்லுங்க. மூணு பேராவே நின்னுருந்தா அவன் மூஞ்சி இதுல இருந்திருக்கும்லா? ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதானே நவுந்தேன். நவுந்து என்னத்தக் காப்பாத்துனேன்? இருந்த மூஞ்சியையும் தொலச்சுட்டு நிக்கேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். நீ நகர்ந்ததால் இல்லை, இன்னொன்று எடுக்கட்டுமா என்று அவன் கேட்டபோது நான் செருப்பை மாட்டியதால்தான் என்று சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததா தெரியாது. எங்களுக்குள் யார் குற்றவாளி என்பதில்கூட ஒரு போட்டி இருந்தது அன்று.

அழுது ஓய்ந்த பிறகு அவள் மறுபடியும் அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள். அவன் தலை திரும்பியிருக்கும் பக்கத்தை விரலால் காட்டினாள்.

"இங்க அவன் என்னயத்தான் பாக்கான்."

"ஆமா."

"இந்தப் படத்துல அவன் மூஞ்சிய நான் பாத்துருக்கேன். நான் மட்டுந்தான் பாத்துருக்கேன்."

"எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

"சிரிச்சான். எண்ண தேச்சுக் குளிச்சும் நெத்தியோரத்துல சீயக்காத்தூள் போவாம ஒட்டியிருந்துச்சு. தொடச்சு விடணும்னு நெனச்சேன். 'வாம்மா, ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லிச் சிரிச்சான். மீசைய ஒரு பக்கம் கொஞ்சம் கூட வெட்டியிருந்தான்."

அந்தப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். விலாஸ் காமிராவை மே மாதம் இமயமலைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அந்த மலைகளின் படங்களும் எங்களிடம் இருக்கின்றன, அழகாக இருக்கின்றன. சுவரில் இருப்பது ஒன்பதாவது படம் மட்டும்தான். அதற்கு மாலை போட முடியாது, பக்கத்தில் உயிரோடு நான் நிற்கிறேன் அல்லவா. பாக்கியம் தினமும் இடது ஓரத்தில் மட்டும் ஒரு துண்டுப் பூ செருகுவாள். வருகிறவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். சிலர் கேட்பார்கள், பலர் கேட்க மாட்டார்கள்.

தை மாதம் அந்த நாள் வந்தால் நான் அவளிடம் கேட்பேன், எப்படி இருந்தான், சொல்லு என்று. அவள் சொல்வாள். முதல் வருடம் சட்டையின் நிறத்தைச் சொன்னாள், இளம் பச்சையாம். போன வருடம், சிரித்தபோது முன்பல்லில் வெற்றிலைக் கறை இருந்தது, தீபாவளிக்காக யாரோ பீடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். இன்று காலையும் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதாங்க, எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு, "நீங்க பக்கத்துலதானே நின்னிய, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என் பிள்ளை சிரித்திருக்கிறான். நான் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.